சுவரில் ஒரு வழி விடுங்கள்: பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு தபால்காரனின் மடல்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கும், மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளானை) வரையும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இந்தக் கடிதத்தைப் பதிவுத் தபாலில், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கும் ஏ.டி. அட்டை இணைத்து அனுப்பத்தான் நினைத்திருந்தேன். 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவனுக்கு, அந்தப் பெயரே இல்லாமல் போனதில் கொஞ்சம் மனத்தாங்கல். அதனால் உறையே போடாமல் எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

நான் ஓய்வுபெற்ற தபால்காரன். வேலையின் முதல் பாதி மாம்பலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கழிந்தது. பிற்பாதி, தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரியும் மனைப்பிரிவும் மாறி மாறி வரும் பகுதியில். இப்போது குடியிருப்பதும் அங்கேதான். நகரமைப்பு படித்தவன் இல்லை. ஆனால் ஒரு தெரு மனிதன் நடப்பதற்காகப் போட்டதா, மனை விற்பதற்காகப் போட்டதா என்று பத்து எட்டு வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தெருக்கோடிச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மனைப்பிரிவுக்கும் பக்கத்து மனைப்பிரிவுக்கும் நடுவில் ஹாலோ பிளாக் கல்லால் எழுப்பிய ஆறடிச் சுவர் இருக்கிறது. எங்கள் கடைசித் தெரு அதில் போய் முட்டி நிற்கிறது. அந்தப் பக்கத்துத் தெருவும் அதே சுவரில், அதே இடத்தில் முட்டி நிற்கிறது. இரண்டும் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோடு. ஒரே வயலாக இருந்த நிலம்தான். இரண்டு புரமோட்டர்கள் இரண்டு காலத்தில் வாங்கினார்கள், அவ்வளவே. சுவருக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் அரசுப் பள்ளி. பள்ளியைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். எங்கள் கடைசி வீட்டு மொட்டை மாடியில் நின்றால் காலை இறைவணக்கப் பாட்டு தெளிவாகக் கேட்கும். நடந்து போக வேண்டுமென்றால், எங்கள் முகப்பு வளைவுக்குத் திரும்பி வந்து, மெயின் ரோட்டில் ஏறி, லாரிகளோடு ஒட்டிக்கொண்டு போய், அவர்கள் வளைவுக்குள் நுழைந்து, மறுபடியும் உள்ளே வர வேண்டும். பொழுது போகாத ஒருநாள் அளந்து பார்த்தேன். 1,940 எட்டுகள். சுவரின் தடிமன் எட்டு அங்குலம்.

சில வருடங்களுக்கு முன் யாரோ ஒரு ராத்திரியில் அந்தச் சுவரில் நாலைந்து கற்களைப் பெயர்த்துவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து அது எங்கள் ஊரின் முக்கியமான சாலையாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள், பூக்காரம்மா, மாத்திரை வாங்கப் போகும் கிழவர்கள், எல்லோரும் தலையைக் குனிந்து அதற்குள் புகுந்து போனார்கள். திருட்டுப் பயம் என்று நலச் சங்கம் அடைத்தது. மீண்டும் பெயர்ந்தது. மீண்டும் அடைத்தார்கள். நான் கணக்கு வைத்தவரை நான்கு முறை. இப்போது சிமெண்ட் பூசி இறுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இருபுறமும் உடைந்த கற்களைப் படி மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் புத்தகப்பை அந்தப் பக்கம் பறக்கும். பிறகு பிள்ளை.

ஒரு பெண் மட்டும் ஏறுவதில்லை. பதினோராம் வகுப்பு. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி அவளிடம் இருக்கிறது. சைக்கிளைச் சுவர் மேல் தூக்க முடியாது என்பதால் அவள் மட்டும் தினமும் லாரிகளோடு போகிறாள். சைக்கிள் இல்லாத பிள்ளைகள் அவளைவிடப் பத்திரமாகப் பள்ளிக்குப் போகின்றன.

மாம்பலத்தில் இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததே இல்லை. அங்கே என்னுடைய பீட்டில், அதாவது நான் தபால் கொடுத்த வட்டத்தில், தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். காலையில் தபாலைப் பிரிக்கும்போதே ஒரு தெருவின் இடப்பக்கம் ஏறி, அடுத்த தெருவின் வலப்பக்கம் இறங்கும் வரிசையில் கட்டு கட்டிவிடுவோம். போன வழியில் திரும்பி வருவது என்பதே கிடையாது. தெற்கே மாற்றலாகி வந்தபின் என் வேலை பாதி, உள்ளே போய் அதே வழியில் வெளியே வருவதாகிவிட்டது. ஒவ்வொரு மனைப்பிரிவும் ஒரு பை, வாய் ஒன்றுதான்.

தியாகராய நகர் எப்படி உண்டானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் வந்தபின், 1920-களில், மாம்பலம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஏரியைத் தூர்த்துப் போட்ட குடியிருப்பு அது. ஏரியைத் தூர்த்ததை நான் மெச்சவில்லை. அதன் பலனை ஒவ்வொரு ஐப்பசியிலும் பார்க்கிறோம். ஆனால் வரைந்தவர் ரயிலடியை மறக்கவில்லை. நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து நாலாபக்கமும் சாலைகள், சாலைகளுக்கு நடுவே தெருக்கள், தெருவெல்லாம் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ கொண்டுபோய் விடும். நூறு வருடமாகிவிட்டது. வீடுகள் இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன, அடுக்குமாடிகளையும் இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். தெருக்கோடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். பட்டா போட்டு விற்ற மனைகளுக்கு நடுவே புதிதாக ஒரு தெருவைக் கொண்டுவருவது லேசில் நடக்கிற காரியமா?

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மெட்ரோ இன்னொருவர் கையில், பஸ் இன்னொருவர் கையில், நடைபாதை மாநகராட்சி கையில், தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை தேசிய நெடுஞ்சாலைக்காரர்கள் கையில். தெருக்கோடு மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் உங்கள் முத்திரை விழுந்த நாளன்றே, அந்த இடத்தில் அடுத்த நூறு வருடம் யார் நடப்பார், யார் வண்டி எடுப்பார் என்பது முடிவாகிவிடுகிறது.

முதல் முழுமைத் திட்டம் 1976-இல் வந்தது. இரண்டாவது 2008-இல். மூன்றாவதை 2027 முதல் 2046 வரைக்கும் என்று வரைகிறீர்கள். இதற்கிடையில் 2022-இல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. ஏறத்தாழ ஐந்து மடங்கு. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் என்று புதுநகர்த் திட்டங்களும் பேச்சில் இருக்கின்றன. இவ்வளவு நிலத்திலும் இன்னும் பெரும்பகுதி வயல், தரிசு, ஏரி, தோப்பு. அதாவது, கோடு இன்னும் விழவில்லை. எங்கள் சுவர் மாதிரி எத்தனை சுவர்கள் அங்கே எழும்பப் போகின்றன என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வயதும் ஒரு காரணம்தான்.

மனை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். “முப்பது அடி தார்ச்சாலை, சுற்றிலும் காம்பவுண்டு சுவர், ரயில் நிலையத்துக்கு ஐந்தே நிமிடம்.” அந்த ஐந்து நிமிடம் எந்த வாகனத்தில், நள்ளிரவு எத்தனை மணிக்கு அளந்தது என்று யாரும் கேட்பதில்லை. நடந்தால் எத்தனை நிமிடம் என்று விளம்பரத்தில் போட வேண்டுமென நீங்கள் ஒரு விதி வைத்தால், பாதிப் பேர் சுவரில் தாங்களே கதவு வைத்துவிடுவார்கள்.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இதுதான். பெரிய மனைப்பிரிவு போடுகிறவரிடம் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக, ஓ.எஸ்.ஆர். என்று, தானமாக எழுதி வாங்குகிறீர்கள். அதை வாங்க முடிகிறது என்றால், பக்கத்து நிலத்தோடு சேர்கிற தெருவையும் எழுதி வாங்க முடியும். வரைபடத்தை மாற்றச் சொல்லவும், பொதுநலன் கருதி நிபந்தனை போடவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு. பத்துக்கு ஒரு இடத்தில் பயன்படுத்துகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் கட்டாயமாக்குங்கள் என்பதே என் விண்ணப்பம். கார் போகிற அகலத்துக்குக்கூட வேண்டாம். ஒரு சைக்கிளும் எதிரே வரும் ஒரு ஆளும் விலகிப் போகும் அளவுக்கு, விளக்கோடு, ஒவ்வொரு பக்கச் சுவரிலும் ஒரு வழி. திருட்டுப் பயம் இருப்பவர்கள் அதில் நாலு பேர் நடமாட்டம் இருப்பதைத்தான் விரும்ப வேண்டும். எங்கள் சங்கத்தாருக்கும் இதைச் சொன்னேன். அவர்களுக்கு என் மேல் கொஞ்சம் கோபம்.

இன்னொன்று. உங்களிடம் கிராம வரைபடங்கள் இருக்கும். கிராம நிலங்களின் விவரம் எழுதிய அ-பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்று தனி சர்வே எண்ணோடு எழுதியிருப்பார்கள். கிராமத்துக்கும் கிராமத்துக்கும், களத்துக்கும் ஏரிக்கரைக்கும் மாட்டு வண்டி போன பாதை. நான் தெற்கே வந்த புதிதில் அவற்றில் சிலவற்றில் சைக்கிள் மிதித்துத் தபால் கொடுத்திருக்கிறேன். மெயின் ரோட்டைத் தொடாமலே மூன்று கிராமம் போய் வரலாம். இருபுறமும் பனை இருக்கும். பின்னால் வந்த மனைப்பிரிவுகள் அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கின. சில இடங்களில் பாதை இன்னும் காகிதத்தில் புறம்போக்காக இருக்கிறது, நிலத்தில் யாரோ ஒருவருடைய கார் ஷெட்டாக இருக்கிறது. புதுநகர்களுக்கு வரைபடம் போடும் முன் வண்டிப்பாதைகளை எல்லாம் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். நடைக்கும் சைக்கிளுக்கும் தேவையான வலைப்பின்னல் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். அதற்கு நிலம் கையகப்படுத்த வேண்டியதில்லை. அது ஏற்கெனவே அரசு நிலம்.

பஸ்ஸுக்கு வருகிறேன். சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மூவாயிரத்துச் சொச்சம் பஸ்கள் நாளுக்குச் சுமார் முப்பது லட்சம் பேரைச் சுமக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் வீடு பக்கத்து ஊரில், பஸ் போகும் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, ஒற்றை வாய்ப் பை ஒன்றின் அடியில். பஸ்ஸில் ஏறினால் காசு வேண்டாம். பஸ் நிறுத்தம் வரைக்கும் ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது. “டிக்கெட் இலவசம் சாமி, ரோட்டுக்குத்தான் காசு” என்றார். அரசு கொடுத்த சலுகையில் ஒரு பங்கை அந்த மனைப்பிரிவின் வரைபடம் தினமும் பிடுங்கிக்கொள்கிறது.

பஸ்ஸை உள்ளே அனுப்பலாமே என்பீர்கள். 2013-இல் சிற்றுந்துகளைக் கொண்டுவந்தார்கள், நல்ல காரியம். ஆனால் உள்ளே வந்த பஸ் வெளியே போக வேறு வழி இருக்க வேண்டும் அல்லவா? முட்டுச்சந்தில் எந்த ஓட்டுநர் பஸ்ஸைத் திருப்புவார்? ஒரு மனைப்பிரிவின் பெரிய தெரு அடுத்த மனைப்பிரிவின் பெரிய தெருவோடு சேர்ந்தால்தான் பஸ் ஒரு பக்கம் நுழைந்து, நாலு குடியிருப்பைத் தொட்டு, மறுபக்கம் வெளியேற முடியும். இதைப் போக்குவரத்துக் கழகத்தால் செய்ய முடியாது. வரைபடம் போடும்போதே பஸ் தடம் எது, நிறுத்தம் எங்கே என்று குறித்தால்தான் உண்டு. பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் இடம் குறிக்கிறோம், நிறுத்தத்துக்குக் குறிப்பதில்லை. அது பிற்பாடு யாரோ ஒருவர் வீட்டு வாசலில், சாக்கடை மூடிமேல், ஒரு கம்பமாக வந்து நிற்கும்.

குடியிருப்பும் போக்குவரத்தும் வேறு வேறு மேசையில் வரையப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. நகரத்தின் நடுவே ஆற்றங்கரைகளில் இருந்தவர்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் குடியேற்றினார்கள். வீடு கிடைத்தது. நடந்து போய்ச் செய்த வேலை, பல மணி நேரம் பஸ்ஸில் தொங்கிப் போகும் வேலையாயிற்று. பெண்கள் பலர் வேலையையே விட்டார்கள். பறக்கும் ரயில் 2007-இல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர்தான். 2024 முடியும்போதும் ரயில் அங்கே போய்ச் சேரவில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பஸ் முனையம் திறந்தீர்கள். நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எதிரே தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்று அங்கே மின்சார ரயில் நிற்பதற்கு நிலையம் இல்லை. ரயில் நிலையமும் நடைமேம்பாலமும் கட்டும் வேலைகள் பிறகு தொடங்கின. மூட்டை முடிச்சோடு பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் அந்த ‘பிறகு’ என்ற சொல்லைத் தலையில் சுமந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் குழுமமே செய்த நல்ல வேலையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மறைமலை நகரை நீங்கள் ஒரே வரைபடத்தில் போட்டீர்கள்: ரயில் பாதை, தொழிற்பேட்டை, குடியிருப்பு, கடைத்தெரு எல்லாம் சேர்த்து. நிரம்புவதற்கு வெகுகாலம் பிடித்தது, கேலி பேசினார்கள். இன்று அங்கே நடக்கும்போது, யோசித்துப் போட்டவர்களின் கை தெரிகிறது. பிற்பாடு அங்கேயே ஒரு பெரிய கார்த் தொழிற்சாலை வந்தது. நம் பக்கம் முழுக்கக் கார் செய்யும் ஊர்தானே. அந்தத் தொழிற்சாலைகளின் ஷிப்டு மாறும் நேரத்தில் சாலையில் நின்று பாருங்கள். கார் செய்கிற தொழிலாளர்களைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான பேரை ஒரே நேரத்தில் ஓர் இடத்துக்குக் கொண்டுவர பஸ்தான் சரி என்று கார்க் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.

காரோடு எனக்குப் பகையில்லை. என் மகனிடம் கார் இருக்கிறது. என் மனைவிக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனபோது அதில்தான் போனோம். என் வருத்தம், கார் இல்லாதவன் கார் வைத்திருப்பவனுக்காகச் செலுத்தும் கட்டணத்தைப் பற்றியது. கட்டட விதிகள் தளப்பரப்பைக் கணக்கிட்டு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்கின்றன. மெட்ரோ நிலையத்தை ஒட்டிக் கட்டும் வீட்டுக்கும் கார் நிறுத்துமிடம் கட்டியாக வேண்டும். அந்தச் செலவு, கார் வாங்கவே போகாதவரின் வீட்டு விலையிலும் ஏறுகிறது. ரயிலடிக்கு அரைக் கிலோமீட்டருக்குள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். வேண்டியவர் கட்டிக்கொள்ளட்டும், வேண்டாதவருக்கு வீடு மலிவாகட்டும். கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரைத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவுக்கு அழைத்துப் போங்கள். தெரு முழுவதும் கார் நிறுத்த ஓர் இடம் கிடையாது. கூட்டத்தில் காற்றுப் புகாது. அங்கே கடை கிடைக்க என்ன விலை கொடுக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்து பேசட்டும்.

அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு 621 கோடி ரூபாயில் மேம்பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதே சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. மேலே கார், கீழே ரயில், நடுவே சாலையைக் கடக்க நிற்கும் மனிதன். அது உங்கள் துறையன்று என்று தெரியும். இருந்தாலும், கும்டா என்று ஓர் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு 2010-இலேயே சட்டம் போட்டது இந்த மேசைகளை எல்லாம் ஒன்றாக்கத்தானே? ஒரே டிக்கெட்டில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றிலும் போகலாம் என்று 2025-இல் கைபேசிச் செயலி கொண்டுவந்தார்கள். மகிழ்ச்சி. டிக்கெட் ஒன்றாகிவிட்டது. இறங்கும் இடங்கள்தாம் இன்னும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

நடைபாதையைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம், மாநகராட்சிக்கு. இங்கே சுருக்கமாக. சென்னையில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடி. வடிகால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் நடைபாதை. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிமுறை, உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. நம் தெருக்களில் முழங்கால் உயரத்துக்கு ஏறி, அடுத்த வீட்டு கேட்டுக்காக இறங்கி, மறுபடியும் ஏறி, மின்பெட்டியைக் கண்டு மறுபடியும் இறங்க வேண்டும். முட்டியில் கத்தி வைத்தவர்கள் சாலையிலேயே நடக்கிறார்கள். நடைபாதை இருந்தும் ஜனங்கள் சாலையில் நடக்கிறார்களே என்று போலீஸ்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 2014-இல் மாநகராட்சி ஒரு கொள்கை நிறைவேற்றியது: போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும். அருமையான கொள்கை. 2019-இல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அதன் விளைவைப் பார்த்தோம்; அகலமான நடைபாதையில் குழந்தைகள் ஓடுவதைப் பார்த்தபோது, நான் பீட் போட்ட தெருவா இது என்றிருந்தது. கொள்கைக்குப் பாண்டி பஜார் ஒரு மாதிரி என்றால், எங்கள் பக்கத்துக்கு அது எப்போது வரும் என்பதுதான் கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே நடைபாதையில் நடப்பது அரசியலமைப்பு தரும் உரிமை என்று சொல்லிவிட்டது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் வெறுமனே நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர்.

பூ விற்பவர், இட்லிக் கடை போடுபவர்களை விரட்டிவிட்டு நடைபாதையைக் ‘காலி’ செய்யச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு ரயிலை விட்டு இறங்கித் தனியாக நடந்து வரும் பெண்ணுக்குத் தெருவிளக்கைவிட அந்த இட்லிக் கடைதான் தைரியம். கடைக்கும் இடம் குறித்தே அகலம் போடுங்கள்.

வெயிலைச் சொல்லி நடையைத் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் யார் நடப்பார்கள் என்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். நம்மைப் போலவே புழுக்கம், நம்மைவிட மழை. அங்கே ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களுக்கெல்லாம் கூரை போட்ட நடைவழி அமைப்பது என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கொட்டும் மழையில் குடையில்லாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அவ்வளவு செலவு நமக்குக் கட்டாது என்றால் புங்கமரம் கட்டும். மாம்பலத்தில் என் பீட்டில் நிழல் இருந்த பக்கத்தை எனக்கு மணிக்கணக்கில் தெரியும்: பத்து மணிக்கு எந்தப் பக்கம், பன்னிரண்டு மணிக்கு எந்தப் பக்கம் என்று. தெற்கே வந்தபின் அந்தக் கணக்கு பயன்படவில்லை. மனைப்பிரிவில் வேப்பங்கன்று நட்டது மனை விற்பனை நாளன்று போட்டோவுக்கு மட்டும்.

சைக்கிள் என்றால் இன்றைய வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள், இல்லாதவன் வண்டி என்று. இதே தமிழ்நாட்டில், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கத்தின்போது, பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்து வந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல், புருஷன் கூட்டிப் போகட்டும் என்று உட்காராமல், குவாரிக்கும் சந்தைக்கும் தாங்களே போனார்கள். அதைப் பார்த்த அரசுதான் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி கொடுக்கத் தொடங்கியது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் இரண்டும் ஒரே மண்ணில் நடந்தவை. இருபது வருடத்துக்கும் மேலாக, ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கான சைக்கிள்களை அரசு கொடுத்துவருகிறது. அதில் ஒரு சைக்கிள்தான் எங்கள் தெருவில் லாரிகளோடு போகிறது. வண்டி வாங்கக் காசு ஒதுக்கும் அரசு, அதை ஓட்ட வழி ஒதுக்குவதை உங்களிடம்தான் விட்டிருக்கிறது.

ஆகவே மூன்றாம் முழுமைத் திட்டத்தில் பெரிய வரைபடங்கள் எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். சுற்றுச்சாலை, வழித்தடம், எல்லாம் இருக்கட்டும். அதோடு கூட, எந்தப் புது மனையிலிருந்தும் ஒரு பஸ் நிறுத்தத்துக்கோ ரயிலடிக்கோ நடந்து போகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தெரு வழியாக, நடந்து. காக்கை பறக்கும் தூரத்தை அளந்து கணக்குக் காட்டக் கூடாது. அந்த வரிக்குப் பொருந்தாத வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஏற்கெனவே முத்திரை விழுந்துவிட்ட எங்களைப் போன்ற இடங்களுக்கு, உள்ளாட்சியோடு சேர்ந்து சுவர்களைக் கணக்கெடுங்கள். எந்தச் சுவரில் வழி வேண்டும் என்று ஆராய வல்லுநர் குழு தேவைப்படாது. எங்கெல்லாம் கற்கள் பெயர்ந்திருக்கின்றனவோ, எங்கெல்லாம் இருபுறமும் படி மாதிரி கல் அடுக்கியிருக்கிறதோ, அங்கெல்லாம் ஜனங்கள் ஏற்கெனவே குறி போட்டு வைத்திருக்கிறார்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டம் எங்கள் பக்கத்தில் வைத்தால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன். மண்டபத்தில் வேண்டாம். காலை எட்டரை மணிக்கு எங்கள் கடைசித் தெருவுக்கே உங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பினால் நல்லது. சுவரின் இந்தப் பக்கம் நான் நிற்பேன். 1,940 எட்டுகளையும் அவரோடு சேர்ந்து நடக்கிறேன். சுவரேறும் பிள்ளைகளுக்குக் கை கொடுக்க இப்போதெல்லாம் தினமும் நான் அங்கேதான் நிற்கிறேன். கடைசிப் பை பறந்தபின், சைக்கிள் மணி மெயின் ரோட்டுப் பக்கம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன்,
தாம்பரத்துக்குத் தெற்கே.